நின்றால் முழுகும் படகு

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவீர்கள். "சார், நம்மளுது எஞ்சின் கடை. பலகையில எதுக்கு சார் நாய் படம்?" அதைக் கேட்காமல் ஒருவரும் இங்கே முதல் சம்பளம் வாங்கியதில்லை. கிராமபோன் கம்பெனியின் நாய் முத்திரை என்று நினைத்துத் தட்டு வாங்க வந்து, வரிசையாக நிற்கும் பம்பு எஞ்சின்களைப் பார்த்துத் திருதிருவென்று முழித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. திருப்பத்தூர்க்காரர் ஒருவர், "பாட்டு இல்லேன்னா எதுக்குய்யா நாயைப் போட்டு வெச்சிருக்கீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். இத்தனை வருஷமாக "அது பெரிய கதை, அப்புறம் சொல்றேன்" என்று நழுவிக்கொண்டிருந்தேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். வேலை இருக்கிறது என்று இனி சாக்குச் சொல்ல முடியாது.

வெள்ளைக்காரன் காலம். நம் கடை அப்போது வேலூர் கோட்டைக்கு எதிர்த் தெருவில், ஒரு புளி மண்டிக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. ஒரு சீமை எஞ்சின் கம்பெனிக்கு வட ஆற்காட்டு ஏஜென்சி எங்களுடையது. ஏஜென்சி எடுத்த முதலாளி திடீரென்று காலமாகிவிட்டார். அவருடைய மனைவி, அதுவரை பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிய மறுநாள் காலை வெள்ளைப் புடவையோடு கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னாப்பா எல்லாம் என் மூஞ்சியையே பாக்கறீங்க? வேலையைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அம்மா. கடைக்கு வருகிறவர்களுக்கு 'எஞ்சின் அம்மா'.

எஞ்சினைப் பற்றி அம்மாவுக்கு ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒருமுறை காட்பாடி ஸ்டேஷனிலிருந்து வந்த புத்தம் புது பம்பு எஞ்சின் மாட்டு வண்டியிலிருந்து சரிந்து ரோட்டில் விழுந்தது. நாங்கள் ஆளாளுக்கு "சக்கரம் போச்சே, தொட்டி போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தோம். அம்மா வந்து நின்றார். "போனது இன்னான்னு அப்புறமா அழுவலாம். மிச்சம் இன்னா?" என்று கேட்டார். பார்த்தால் முக்கால்வாசி எஞ்சின் பத்திரமாகத்தான் இருந்தது. அழுகிற மும்முரத்தில் நாங்கள் ஒருவரும் அதைப் பார்க்கவே இல்லை. என் வேலைக்காலம் முழுக்க நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இந்தக் கேள்விதான். ஆனால் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று ஏரி நடுவில்தான் எனக்குப் புரிந்தது.

கம்பெனி படகு எஞ்சினும் செய்தது. படகின் பின்பக்கம் மாட்டி ஓட்டுவது. மேலே எஞ்சின், கீழே தண்ணீருக்குள் விசிறி. அதில் ஒன்றை எங்கள் கடைக்கும் அனுப்பிவைத்தார்கள். பாலாற்றில் வருஷத்துக்குப் பத்து மாசம் மணல்தான் ஓடுகிறது. அந்த ஊருக்குப் படகு எஞ்சின் அனுப்பிய புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும். சிவப்புப் பெயின்ட் அடித்து அழகாக மூலையில் நின்றது. மோர் கடைகிற மிஷினா என்று கேட்காத ஆள் இல்லை.

அந்த மூலையில் நின்றதைப் பார்த்துத்தான் ஆம்பூர் சாயபு ஒருநாள் முகம் மலர்ந்தார். தோல் வியாபாரி. தோல் பதனிடும் ஷாப்புகள் பல வைத்திருந்தார். மெட்ராஸில் கடலோரம் வெள்ளைக்காரர்கள் எஞ்சின் படகு விட்டுப் பந்தயம் கட்டியதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, ஊரெல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்த மனுஷர். அவருடைய ஷாப்புகளுக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கப் பம்பு எஞ்சின் வேண்டியிருந்தது. எங்கள் கம்பெனியும் பம்பு எஞ்சின் விற்றது, எங்களுக்குப் போட்டியான இன்னொரு கம்பெனியும் விற்றது. அவர்களுடையது பச்சைப் பெயின்ட்.

"அம்மா, நீங்களும் படகு எஞ்சின் வெச்சிருக்கீங்க, அந்தப் பச்சைக்காரரும் வெச்சிருக்காரு" என்றார் சாயபு. "ஏரி ரொம்பட்டும். ரெண்டு பேரும் ஒரு பந்தயம் ஓட்டுங்க. நான் பாத்துட்டு எல்லா ஷாப்புக்கும் ஒரே கம்பெனியில ஆர்டர் குடுக்கறேன். பேச்சுன்னா பேச்சு."

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கம்பெனியின் மெட்ராஸ் மேனேஜர் வந்திருந்தார். கோட்டும் டையும் போட்ட நம்மூர்க்காரர்தான். சாயபு போனதும் மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். ஏஜென்சி இன்னும் காலமானவர் பேரில்தான் இருக்கிறது. ஒரு பொம்பளை எஞ்சின் வியாபாரம் செய்வதில் மேலிடத்துக்கு நம்பிக்கை இல்லை. பொங்கலுக்குள் பெரிய ஆர்டர் ஒன்றும் வராவிட்டால் ஏஜென்சியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"இந்த ஆர்டர் வந்தா?" என்று அம்மா கேட்டார்.

"வந்தா பாக்கலாம்."

மேனேஜர் கிளம்பிப் போனார். அந்தக் கடையை நம்பி நாங்கள் அத்தனை பேரும் இருந்தோம். அம்மாவுக்கோ வேறு எதுவுமே இல்லை. பள்ளிக்கூட வேலையையும் விட்டாகிவிட்டது. பிறகு சட்டென்று எழுந்து, "ஏழுமல, படகு வேணுமே. எங்க கிடைக்கும்?" என்றார்.

ஏழுமலை நான்தான். பச்சைக்காரர்கள் மெட்ராஸிலிருந்து பளபளவென்று மரப்படகு வரவழைக்கிறார்கள் என்று அதற்குள் செய்தி வந்துவிட்டது. எங்களுக்கு அதற்கு வசதி இல்லை. அப்போது வாயைத் திறந்தவர் எங்கள் ஃபிட்டர் தேவராஜ். ஆள் யானைக்குட்டி. அவர் சிரித்தால் புளி மண்டியில் தராசு ஆடும். அவருடைய சொந்தம் முழுக்க ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் ஷாப்புகளில் வேலை செய்தது.

"மரம் இன்னாத்துக்குமா? காவேரிப் பக்கம் பரிசலைத் தோல்லதான செய்றாங்க? தோலுக்கு நம்ம ஊர்லயா பஞ்சம்? மூங்கில் சட்டம் போட்டு எருமைத் தோலை இழுத்துத் தெச்சா, பஞ்சு மாதிரி இருக்கும். எஞ்சினுக்கு இழுக்கறதே தெரியாது."

நாங்கள் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, படகு பிரமாதமாக வந்தது. பின்பக்கம் எஞ்சின் மாட்ட மட்டும் தேக்குப் பலகை. மற்றபடி மூங்கிலும் தோலும்தான். இரண்டு பேர் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். தண்ணீர் ஊறாமல் இருக்க மீன் எண்ணெயும் மாட்டுக் கொழுப்பும் சேர்த்துக் காய்ச்சி, நாலைந்து பூச்சு பூசினோம். ஒரு பெரிய கிணற்றில் போட்டுப் பார்த்தோம். சொட்டு இறங்கவில்லை. தேவராஜ் படகுக்கு முத்தம் கொடுத்தார். ஓட்டுவது நான் என்று முடிவானது.

மழை நன்றாகப் பெய்து நெமிலிப் பக்கத்து ஏரி ஒன்று ததும்பி நின்றது. அங்கேதான் பந்தயம். ஊர்ப் பெரியவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். "கரைப் பக்கம் வரக் கூடாது. உங்க மிஷின் அலையில கரை ஒடஞ்சா எங்க நெல்லு போய்டும்." நியாயம்தானே. எதிர்ப்புறம், தண்ணீர் வந்து சேரும் மேட்டுப்பக்கத்தில் பந்தல் போட்டார்கள். கிளம்புவதும் அங்கே, முடிவதும் அங்கே.

முதல் நாள் சாயங்காலம் படகை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குள் நுழைந்தோம். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பச்சை எஞ்சின்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர். எப்போதும் சிரித்த முகம்.

"இன்னா மேஸ்திரி, ஒரு மாதிரி வாசனை வருது?"

தேவராஜ் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "வாசனையா? இன்னா வாசனை? ஒண்ணும் இல்லியே சார்."

உண்மையாகவே எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து தோல் ஷாப்புக் காற்றைச் சுவாசித்தவர்கள் நாங்கள். எங்கள் மூக்கு எப்போதோ அந்த வேலையை விட்டுவிட்டது.

படகை மேட்டில் கவிழ்த்து வைத்தோம். எஞ்சினை யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, அதை மட்டும் சாவடிக்குள் தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் படுத்துக்கொண்டோம். படகுக்குக் காவல் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ஆம்பூர் நாயைப் பார்த்திருக்கிறீர்களா? ஷாப்புக்குப் பின்னால் தோலில் சுரண்டிப் போட்ட சவ்வும் கொழுப்பும் குவிந்து கிடக்கும். அதைத் தின்று தின்று கொழுத்து, வெயிலில் படுத்துக்கிடக்கும். தோலைக் கொண்டுபோய் மூக்குக்கு முன்னால் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாய் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நெமிலிப் பக்கத்து நாய்க்கு அந்த மாதிரி பாக்கியம் இல்லையே!

பொழுது விடிந்து முகம் கழுவப் போன தேவராஜின் அலறல்தான் எங்களை எழுப்பியது.

"அய்யோ, படகைத் துண்ணுட்ச்சி! பாவிப் பசங்க நாய்ங்க, படகைத் துண்ணுட்ச்சிமா!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். படகின் மூக்குப் பக்கம் ஒரு ஆள் தலையை விடுகிற அளவுக்கு ஓட்டை. மூங்கில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஐந்தாறு நாய்கள் வயிறு முட்டப் படுத்திருந்தன. ஒன்று எங்களைப் பார்த்து வாலை வேறு ஆட்டியது. எனக்கு வந்த கோபத்துக்குக் கல்லை எடுத்துவிட்டேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை அடிச்சா ஓட்டை அடைஞ்சிடுமா?"

"வேற தோல் இல்லீங்கமா. ஆம்பூர் போய்ட்டு வர்றதுக்குள்ள பந்தயம் முடிஞ்சிடும்" என்றேன்.

மேனேஜர் பந்தலை நோக்கி வந்துகொண்டிருப்பது தெரிந்தது. சாயபுவின் கார் சத்தமும் கேட்டது. பச்சைக்காரர்கள் தங்கள் மரப்படகைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். தேவராஜ் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். யோசனை சொன்னவர் அவர்தானே. நானும் எல்லாம் போச்சு என்று சொல்லிவிட்டேன்.

அம்மா படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"போனது மூக்கு. மிச்சம் இன்னா?"

"மத்ததெல்லாம் நல்லாதான் கீதுமா" என்றார் தேவராஜ், மூக்கைத் துடைத்தபடி. "அடி, பக்கம், பலகை, எல்லாம்."

"எஞ்சின்?"

"எஞ்சினுக்கு இன்னா, ராஜா மாதிரி கீது."

"ஏழுமல, வேகமா ஓடும்போது படகு மூக்கு எங்க இருக்கும்?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கிணற்றில் ஓட்டிப் பார்த்திருக்க முடியாதுதான். ஆனால் மெட்ராஸில் மற்றவர்கள் ஓட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எஞ்சினை முழு வேகத்தில் விட்டால் படகின் முன்பக்கம் தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். பின்பக்கம் மட்டும்தான் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு போகும்.

"வேகமா போனா ஓட்டை தண்ணிக்கு மேல நிக்கும்மா. ஆனா மெதுவாச்சுன்னா..."

"முழுகும்."

"திரும்பறப்ப எல்லாரும் மெதுவாத்தாமா திரும்புவாங்க."

"நீ மெதுவாக்காத. சுத்தி வா. தூரம் ஜாஸ்தியானா ஆவட்டும்." என்னை நேராகப் பார்த்தார். "நீச்சல் தெரியும்ல உனக்கு? நிஜமா சொல்லு. எஞ்சின் போனா பாத்துக்கலாம். நீ போனா உங்கம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது? பயமா இருந்தா இப்பவே சொல்லு, மேனேஜர்கிட்ட நானே போய் பந்தயம் வேணாம்னு சொல்லிட்றேன். உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னேன். "பயமா இருக்குதுமா. ஆனா ஓட்றேன்."

"அது போதும்."

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பின்பக்கம் கனம் வேண்டும் என்று தேவராஜையும் என்னோடு ஏறச் சொன்னார் அம்மா. அவரைவிடக் கனமான ஆள் ஜில்லாவிலேயே கிடைக்க மாட்டார். எங்கள் இருவர் முதுகிலும் மிதக்கட்டும் என்று காய்ந்த சுரைக்குடுவைகளைக் கட்டினார்கள். எஞ்சினில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, அதன் நுனியில் காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றை மூடிக் கட்டச் சொன்னார். முழுகிவிட்டால் எஞ்சின் எங்கே கிடக்கிறது என்று டின் மிதந்து காட்டுமாம். கடைசியாக, தேவராஜ் மாற்றிக்கட்ட வைத்திருந்த புது குடியாத்தம் லுங்கியை, ஓட்டை வெளியே தெரியாதபடி அம்மாவே படகின் மூக்கில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அம்மா, என் லுங்கிமா!"

"உன் லுங்கி இன்னிக்கிக் கொடி. பேசாம ஏறு."

சாயபு பந்தலிலிருந்து பார்த்துவிட்டு, "அரே வாஹ், ஜோரா கட்டியிருக்காங்க!" என்று கைதட்டினார்.

இரண்டு ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகின் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மரியாதை செய்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் தேவராஜும் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். கிளம்பச் சொல்லிக் கைத்துண்டு அசைந்தது. கயிற்றைச் சுற்றி இழுத்தேன். பிடிக்கவில்லை. பச்சைக்காரர் சீறிக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னொரு இழுப்பு. பிடித்துக்கொண்டது. கைப்பிடியைக் கடைசி வரை திருகினேன். மூக்கு மேலே எழும்பியது. பிடித்திருந்த ஆட்கள் தண்ணீரில் குப்புற விழுந்தார்கள்.

ஏரியில் தள்ளித் தள்ளி இரண்டு பீப்பாய்கள் மிதக்க விட்டிருந்தார்கள். அவற்றை மூன்று முறை சுற்றி வரவேண்டும். பச்சைக்காரர் பீப்பாயை நெருங்கியதும் நிதானமாக, ஒட்டித் திரும்பினார். அழகாக இருந்தது. நான் திரும்பியது அவ்வளவு அழகாக இல்லை. பாதி ஏரியைச் சுற்றினேன்.

"டேய், கொஞ்சம் மெதுவாடா!" என்று தேவராஜ் கத்தினார்.

"மெதுவான்னா முழுவணும். முழுவட்டுமா?"

"வேணாம், வேணாம், நீ போ!"

இரண்டாவது சுற்றில் லுங்கியின் முடிச்சு அவிழ்ந்தது. அது எழும்பிக் காற்றில் விரிந்து, நேராக வந்து தேவராஜின் முகத்தைப் போர்த்திவிட்டது. அவர் உள்ளேயிருந்து மாதாவைக் கூப்பிட்டார். ஓட்டை இப்போது உலகத்துக்கே தெரிந்தது. மேட்டில் இருந்த கூட்டம் "ஓ"வென்று எழுந்து நின்றதை நான் பார்த்தேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எங்கள் ஆட்கள் பிறகு சொன்னார்கள். மேனேஜர் பதறிப்போய், "நிறுத்தச் சொல்லுங்க, உடனே நிறுத்தச் சொல்லுங்க!" என்று குதித்தாராம். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நிறுத்தினாத்தான் சார் முழுவுவான்" என்றாராம். சாயபு தூரக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லையாம்.

மூன்றாவது சுற்றில்தான் உயிர் போய் வந்தது. பச்சைப் படகு கிளப்பிய அலையில் நாங்கள் மோதினோம். தண்ணீர் வாரியடித்து எஞ்சின் மேல் தெறித்தது. எஞ்சின் ஒரு இருமல் இருமியது. மூக்கு சரிந்தது. ஓட்டை வழியாகக் குடம் குடமாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. என் கால் நனைந்தது. அந்த நொடியில் எனக்குள் எழுந்த முதல் எண்ணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குதித்துவிடலாமா என்பதுதான். மிச்சம் என்ன என்று அம்மா கேட்டது அப்புறம்தான் காதில் விழுந்தது போல இருந்தது. எஞ்சின் இன்னும் நிற்கவில்லை. இருமுகிறது, அவ்வளவுதான். நனைந்தது காய்ந்தால் ஓடும்.

"தண்ணி படுது! பிளக்கை மறைங்க!" என்று கத்தினேன்.

தேவராஜ் இருந்த இடத்திலேயே திரும்பினார். முகத்திலிருந்து பிடுங்கிய லுங்கியை இரண்டு கையாலும் விரித்து, எஞ்சினுக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு, முழு உடம்பையும் பின்னால் சாய்த்தார். அவர் முதுகில் தண்ணீர் அறைந்தது. எஞ்சின் சூடு அவர் கையைச் சுட்டது. விடவில்லை. அவருடைய கனத்துக்கு மூக்கு மெள்ள மெள்ள எழும்பியது. எஞ்சின் இன்னொரு தடவை இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பழையபடி பாட ஆரம்பித்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இருந்தும் தோற்றோம். பச்சைக்காரர் எங்களுக்கு நன்றாக முன்னாலேயே எல்லையைத் தாண்டி, எஞ்சினை நிறுத்தி, தொப்பியைத் தூக்கிக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நிற்க முடியாதே! அவரைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, அப்படியே மேட்டுச் சேற்றில் ஏறி, வழுக்கிக்கொண்டு போய், பந்தல் கால் ஒன்றைச் சாய்த்துவிட்டு, சாயபுவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றோம். எங்கிருந்தோ அந்த ஐந்தாறு நாய்களும் ஓடிவந்து மிச்சப் படகை நக்க ஆரம்பித்தன.

சாயபு எழுந்து வந்து ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"இது எப்ப ஆச்சு?"

"காலையில" என்றார் அம்மா. "நாய்ங்க துண்ணுட்ச்சி. உங்க ஷாப்புத் தோல்தான், சாயபு. ருசியா இருந்திருக்கு போல."

சாயபு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பச்சைக்காரரும் ஓட்டையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதோடவா ஓட்டினீங்க? கேட்டிருந்தா நாளைக்கு வெச்சுக்கலாம்னு சொல்லியிருப்பேனே, அம்மா!" சொல்லியிருப்பார்தான். அப்படிப்பட்ட மனுஷர்.

சிரிப்பு அடங்கியதும் சாயபு பரிசுக்கென்று வைத்திருந்த வெள்ளிக் கோப்பையை எடுத்துப் பச்சைக்காரர் கையில் கொடுத்தார். அம்மா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கோப்பை உங்களுது. ஜெயிச்சது நீங்க, சந்தேகமே இல்ல. பம்பு ஆர்டர் அம்மாவுக்கு" என்றார் சாயபு.

"சாயபு, பந்தயத்துல ஜெயிச்சது..." என்று பச்சைக்காரர் இழுத்தார்.

"பாத்துட்டுக் குடுக்கறேன்னுதான் சொன்னேன். பாத்துட்டேன். வேகம் எனக்கு எதுக்கு? என் கிணறு எங்கயும் ஓடப் போறதில்லியே! தண்ணி நின்னா தொட்டியில இருக்கற தோல் பூரா அழுகிடும். அதான் என் பேஜார். நிக்கக் கூடாத எஞ்சின்தான் எனக்கு வேணும். அது எதுன்னு இன்னிக்கு இந்த ஊர் நாய்க்குக்கூட தெரிஞ்சிபோச்சு."

மேனேஜர் சட்டென்று உற்சாகமானார். பையிலிருந்து பேனாவை எடுத்து அங்கேயே ஆர்டர் எழுத உட்கார்ந்தார். ஏஜென்ட் பெயர் எழுதும் இடம் வந்ததும், வழக்கம்போல முதலாளியின் பெயரை எழுதப் போனார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அம்மா. "அவர் போய்ட்டாரு. அவர் பேரை நான் நெஞ்சுல வெச்சிருக்கேன். அது அங்க இருக்கட்டும். இங்க என் பேரை எழுதுங்க."

மேனேஜர் சாயபுவைப் பார்த்தார். சாயபு வானத்தைப் பார்த்தார்.

"நாளைக்கி பம்பு நின்னுபோச்சுன்னா யாரு சார் போய்ப் பாப்பாங்க? நீங்க மெட்ராஸ்லருந்து வருவீங்களா? நாங்கதான போவணும்" என்றார் அம்மா. குரலில் சண்டை இல்லை. வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் குரல்.

மேனேஜர் பேனாவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "பேரு?" என்றார்.

அம்மா சொன்னார். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, முழுப் பெயரையும் சொன்னார். நானும் தேவராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை நாள் அவர் கையால் சம்பளம் வாங்கியிருக்கிறோம். அம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதே அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. தேவராஜ் சுட்ட கையை ஊதிக்கொண்டே அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

பொங்கலுக்குப் புதுப் பலகை எழுத ஆள் வந்தார். அம்மாவின் பெயரை எழுதிவிட்டு, மேலே படகு படம் போடட்டுமா என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "படகு, படகு" என்றோம்.

"நாயைப் போடுங்க" என்றார் அம்மா.

நாங்கள் வாயைப் பிளந்தோம்.

"இன்னாப்பா? படகு நல்லா இருந்திருந்தா ஏழுமலையும் எல்லாரையும் போல திரும்பறப்ப மெதுவாக்கியிருப்பான். சாதாரணமா ஓட்டி, சாதாரணமா தோத்துட்டு வந்திருப்போம். நிக்காம ஓட வெச்சது யாரு? நாய்தான? அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

தேவராஜின் லுங்கிக்குப் பதிலாகப் புது லுங்கி ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பழையதைத் தேவராஜ் கடைசி வரை தூக்கிப் போடவில்லை.

இதுதான் கதை. இனி யாராவது கிராமபோன் தட்டு கேட்டு வந்தால் சிரிக்காமல் உட்கார வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இதைச் சொல்லி அனுப்புங்கள். எஞ்சினோ நீங்களோ பாதி வழியில் இருமினால் போனதை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். இன்னொன்று. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஏணி போட்டு ஏறிப் பலகையைத் துடைக்கிறீர்கள். எல்லோரும் நாயை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டு இறங்கி வந்துவிடுகிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாய்க்குக் கீழே ஒரு பெயர் இருக்கிறது. அதை முதலில் துடையுங்கள்.